யார் தலையில் யார் சடை

அழகு நிலையம் நடத்துகிறவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, காதைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கவும் தெரிய வேண்டும். கழுத்தில் துணியைச் சுற்றி நாற்காலியில் உட்கார வைத்ததும் எங்கள் போடிநாயக்கனூரில் எவருக்கும் நாக்கு நீண்டுவிடும். மாமியார், மருமகள், ஏலக்காய் விலை, பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாவற்றையும் நம் தலையில்தான் கொட்டுவார்கள். பல் வைத்தியர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களிடம் வருகிறவர்களால் பேச முடியாது.

இத்தனை வருஷத் தொழிலில் என்னை அதிகம் படுத்தி எடுத்தது சடைமுடிதான். பூ வைத்துப் பின்னுகிற சடை இல்லை. சீப்பு இறங்காமல் சிக்குப் பிடித்து, சாமியார் தலையில் கயிறு கயிறாகத் தொங்குமே, அது. வெளியூர்ப் பிள்ளைகள் டிரெட்லாக்ஸ் என்பார்கள். அடுத்தவர் தலையைத் தொட்டுச் சோறு தின்னும் சக பாவிகளே, என் கதையைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன், யாரும் தேடிக்கொண்டு வர வேண்டாம்.

சிக்கு வேண்டும் என்று வந்த தலை

குரங்கணிக்கு மலையேற வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றி இறக்குகிற பாண்டி, ஒரு நாள் வருண் என்ற இளைஞனைக் கடை வாசலில் இறக்கிவிட்டான். வருணுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. குரங்கணியில் அறை எடுத்துத் தங்கி அங்கிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மலையைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ விழித்துக்கொண்டதாம். அது இப்போது தலைவழியாக வெளியே வர வேண்டுமாம். அதற்காகச் செயற்கை முடியில் செய்த கறுப்புச் சடைகளை இரண்டு பாக்கெட் வரவழைத்திருந்தான். தன் முடியில் சிக்குப் போட்டு இவற்றையும் அதோடு கோத்துவிடச் சொன்னான்.

சிக்கு எடுப்பது என் தொழில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையில் சிக்கெடுத்தே என் விரல் காய்த்துப்போயிருக்கிறது. சிக்குப் போடச் சொல்லி ஒருவன் வந்து நிற்பான் என்று கனவிலும் நினைத்ததில்லை. செல்போனில் வீடியோ பார்த்து, சீப்பைத் தலைகீழாக ஓட்டி, கொக்கி ஊசியால் குத்திக் குத்திக் கோத்தேன். பகல் முழுக்க அந்த வேலைதான். ஒரு பாக்கெட்டிலேயே தலை நிறைந்துவிட்டது. ‘இன்னும் கொஞ்சம் அழுக்கா தெரியணும்க்கா’ என்று அவன் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கூட்டிப்போக வந்த பாண்டி அந்தத் தலையைச் சுற்றி வந்து பார்த்தான். “ஏக்கா, எங்க வீட்டு ஆட்டுக்கு இப்பிடி ஆச்சுன்னா கத்தரிச்சு விட்டுருவோம். நீங்க ஆக்கிவிட்டுல்ல காசு வாங்குறீக!”

படம் போட்ட பாவம்

பாடுபட்டுச் செய்த வேலையாயிற்றே என்று அந்தத் தலையைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். அதுவரை என் பக்கத்தைப் பார்த்தவர்கள் என் தங்கையும் ஒரு மருதாணிக் கம்பெனியும்தான். மறுநாள் விடிந்தால் ஊர்ப்பட்ட கூட்டம். இது கறுப்பின மக்களின் அடையாளம், திருடாதே என்றார் ஒருவர். இல்லை, இது சிவபெருமானுடையது, அவர்கள்தான் திருடினார்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டு பேருடைய தாயாரையும் விசாரித்தார். கோத்தது ஒழுங்காக வந்திருக்கிறதா என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

அத்தனை பேருக்கு நடுவே ஒரு கறுப்பினப் பெண் மட்டும் பொறுமையாக எழுதியிருந்தாள். அவர்கள் நாட்டில் சொந்த முடியை இப்படி வைத்திருப்பவர்களுக்கு வேலை கொடுக்க மறுக்கிறார்களாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். அதே முடி வேறொருவர் தலையில் ஏறினால் நாகரிகம் என்கிறார்களாம். என் தங்கை மகள் படித்து அர்த்தம் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. நியாயமான வருத்தம்தானே அது. ஆனால் அவளுக்காகக் கத்துகிறேன் என்று வந்தவர்கள் போட்ட சத்தத்தில் அவள் பேச்சு அமுங்கியே போய்விட்டது.

பக்கத்துக் கடை சேவியர் அண்ணாச்சி ஏலக்காய் வியாபாரி. டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏலக்கா வெளையிறது இடுக்கி மலையில. நாம இங்கன ஏலம் போட்டு, போடி ஏலக்கான்னு பேரும் வச்சு விக்கிறோம். இந்தச் சங்கதி அந்தக் கூட்டத்துக்குத் தெரிய வேணாம்மா.”

தீர்ப்புச் சொல்ல வந்த மீசை

அடுத்த வாரம் எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பெரிய மனிதர்கள் வந்தார்கள். நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு. சடை என்பது சாமி சமாச்சாரம், ஊர் சுற்ற வந்தவனுக்கெல்லாம் அதைப் போட்டுவிட நீ யார் என்று கேட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். நம் பண்பாடு என்றார்கள், நம் பாரம்பரியம் என்றார்கள். பேச்சு நீளநீள, அதில் ஒருவருடைய கண் மட்டும் என் அலமாரியையே மேய்ந்துகொண்டிருந்தது.

மற்றவர் செருப்பு மாட்ட வெளியே போன நேரம் பார்த்து இவர் என் பக்கம் குனிந்தார். “பண்பாடு ஒரு பக்கம் கெடக்கட்டும் ஆத்தா. இந்த மீசைக்கு மட்டும் டை அடிச்சுவிடணும், பாத்தா அடிச்ச மாதிரியே தெரியக் கூடாது.”

மன்னிப்பு

அந்தச் சண்டையெல்லாம் வருணையும் எட்டியிருந்தது. கண் சிவந்து வந்து உட்கார்ந்தான். தெரியாமல் பெரிய பாவம் செய்துவிட்டானாம், உடனே எடுத்துவிட வேண்டுமாம். கோத்தது ஒரு பகல் என்றால் பிரிக்க இரண்டு பகல் ஆகும் என்றேன். ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டான். நான் வெட்ட வெட்ட, அவன் செல்போனை நிறுத்தி வைத்து உலகத்திடம் மன்னிப்புக் கேட்டான். எந்தெந்தக் கண்டத்திலோ யார் யாரோ செய்ததற்கெல்லாம் சேர்த்து, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவன் பொறுப்பேற்றான். நடுவில் ஒரு தடவை வெளிச்சம் சரியில்லை என்று முதலிலிருந்து அழுதான்.

பிரிக்காத பாக்கெட் ஒன்று மிச்சம் இருந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினான். “இதைக் குப்பையில மட்டும் போட்டுடாதீங்கக்கா. மரியாதையா ஏதாவது பண்ணுங்க.”

முருகேஸ்வரியின் கழுத்து

எந்த மரியாதையும் தோன்றாமல் பாக்கெட்டை ஆணியில் மாட்டி வைத்தேன். அது அங்கே தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் முருகேஸ்வரி வந்தாள். ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. முக்காட்டை எடுத்ததும் நான் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன். தலையோடு தலையாகச் சிக்கேறி, மரக்கட்டை மாதிரி இடுப்புவரை சடை விழுந்திருந்தது. மலையில் காய் எடுக்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, எண்ணெயும் சீப்பும் இல்லாமல் கிடந்ததில் வந்த சிக்கு அது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் அதைப் பார்த்து, அம்மன் இறங்கிவிட்டாள் என்று காலில் விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தச் சடையை யாரும் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் நிற்கிறார்கள்.

நாள் முழுக்கக் குனிந்து காய் பொறுக்குகிறவளுக்கு அந்தக் கனம் தாங்குமா? கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது கை மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. வைத்தியர் முடியை எடுக்கச் சொல்லிவிட்டார். ‘வெட்டிருவமா?’ என்று கேட்டேன். அவள் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“எங்க வீட்டு ஆளு இந்த முடியப் பிடிச்சுத்தேன் இழுத்துப்போட்டு அடிப்பாரு. சடை விழுந்ததுல இருந்து கிட்டக்க வர நடுங்குறாரு. வெட்டுனா கழுத்து பொழைச்சுக்கிரும்க்கா, நாந்தேன் பொழைக்க மாட்டேன்.”

ஆணியில் தொங்கியது

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சடை யாருக்குச் சொந்தம் என்று ஊரே சண்டை போட்ட கடையில், சடைக்குச் சொந்தக்காரி ஒருத்தி அதை வைத்துக்கொள்ளவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். பண்பாடு பேச வந்த அந்த இரண்டு பேரும் இவள் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளித்தான் குடியிருக்கிறார்கள். இவள் அடி வாங்கிய காலத்தில் அவர்கள் காதில் ஒரு சத்தமும் விழுந்ததில்லை. நான் சீப்பைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

முருகேஸ்வரி எழுந்து போய் ஆணியில் தொங்கிய பாக்கெட்டைப் பார்த்தாள். ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தன் சடையைத் தூக்கிப் பார்த்தாள். இது என்ன, யாருக்கு என்று கேட்டாள், சொன்னேன். எந்த ஊர்ச் சாமியுடையது என்று கேட்டாள். எந்தச் சாமியும் இல்லை, எங்கோ மிஷினில் செய்து பொட்டலம் கட்டி விற்கிறார்கள் என்றேன்.

அவள் அதைக் கழுத்தோரம் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். “சாமியில்லாததுதேன் கனக்காம இருக்கும். இதையே மாட்டி விட்ருங்க.”

செவ்வாய்க்கிழமை

எங்கள் பக்கம் செவ்வாய்க்கிழமை யாரும் முடி வெட்ட மாட்டார்கள். கடைக்கு விடுமுறை, ஈ காக்கை வராது. அதனால் அந்த நாளையே வைத்துக்கொண்டோம். சாமிக்கு எண்ணெய் தேய்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு முருகேஸ்வரி வந்தாள். அம்மனுக்கு உகந்த நாளில் அம்மன் சடையில் கத்தரி வைக்கிறோமே என்று அதை ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ‘ஆத்தா, கோவம்னா என்கிட்ட வச்சுக்க, இவள விட்டுரு’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கத்தரி ஏறவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டியிருந்தது. கடைசி இழை விட்டதும் அவள் தலை தானாக நிமிர்ந்தது. இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

மிச்சம் விட்ட முடியில் எண்ணெய் ஊற்றிச் சிக்கெடுத்து, புதுச் சடைகளை அதில் கோத்து, பழைய பருமன் வருகிற மாதிரி சேர்த்துக் கட்டினேன். மஞ்சளும் விபூதியும் தடவி, சாம்பிராணி காட்டியதும் எனக்கே கும்பிடத் தோன்றியது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். தொடத்தான் எவருக்கும் துணிச்சல் கிடையாதே. பழைய சடையைக் குப்பையில் போட எங்கள் இருவருக்குமே மனசில்லை. அவள் அதை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள், கொட்டகுடி ஆற்றில் விடப் போகிறாளாம். எனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள், இருக்கிறது என்றேன்.

“எனக்கு இல்லக்கா. ஆத்தாளுக்கும் கழுத்துன்னு ஒண்ணு இருக்கும்ல.”

கும்பிட்டு வந்தவர்

அடுத்த வாரம் அவள் புருஷன் வந்தான். தெரிந்துபோய்விட்டது, இன்றைக்குக் கடைக் கண்ணாடி உடையப் போகிறது என்று நினைத்தேன். அவனோ செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, வாசற்படியோடு நின்றுகொண்டான். சாமிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது நான்தானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். முன்பெல்லாம் அசையாமல் கிடந்த சடை, இப்போது அவள் நடந்தால் ஆடுகிறதாம். தலையைத் திருப்பி நேராகக் கண்ணைப் பார்க்கிறாளாம். அம்மனுக்கு உக்கிரம் ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறான்.

ஏறத்தான் செய்திருக்கிறது, இனி இறங்காது என்றேன். இந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. அவன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“அப்ப நான் வெளிய வாசல்லயே படுத்துக்கிர்றேன்னு சாமிகிட்ட நீங்களே சொல்லிருங்கக்கா.”

ஒரிஜினல்

வருண் மறுபடியும் வந்தான். தலையில் முடி வளர்ந்திருந்தது, ஞானமும்தான். உண்மையான சடை உள்ளவர்களைப் பேட்டி எடுத்து உலகத்துக்குக் காட்டப் போகிறானாம். இந்தச் சனியன் நம் கடையை விடாது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே முருகேஸ்வரி உள்ளே வந்தாள். வேர் முடி வளர்ந்திருந்ததால் சடையை மறுபடி இறுக்கிக் கோக்க வேண்டியிருந்தது.

அவளைப் பார்த்ததும் வருணின் கை தானாகக் கூம்பிவிட்டது. ‘பாத்தீங்களாக்கா, இதுதான் ஒரிஜினல். இதோட ஒரு இழைகூட நம்ம பாக்கெட்ல வராது’ என்றான். நான் திரும்பி நின்று துண்டுகளை மடிக்க ஆரம்பித்தேன், சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை. படம் எடுக்கலாமா என்று கேட்டான், சாமியைப் படம் எடுக்கக் கூடாது என்று முருகேஸ்வரி சொல்லிவிட்டாள். அதற்கும் தலையாட்டிவிட்டு, இவ்வளவு சுமக்கிறீர்களே, கஷ்டமாக இல்லையா அம்மா என்று பணிவாகக் கேட்டான்.

முருகேஸ்வரி கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகத் திருப்பிக் காட்டினாள். “முன்ன ரொம்பக் கனம் தம்பி. இப்பத்தேன், உங்க புண்ணியத்துல லேசாப் போச்சு.”

அவன் அதை ஆசீர்வாதம் என்று வாங்கிக்கொண்டு போனான். சடை எந்த நாட்டுக்குச் சொந்தம், எந்தச் சாமிக்குச் சொந்தம் என்பதை நீங்கள் எல்லோரும் பேசி முடிவு செய்து சொல்லுங்கள், அதுவரை அதைப் பிடித்து இழுக்க ஒரு கையும் நீளாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.