முத்து பார்க்கும் பல்

என் சித்தி முத்து கோக்கிறவர். முன்னறை ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் கருப்புத் துணி, பட்டு நூல், ஊசி. இருபது வருடமாக அவருடைய கடை அதுதான். முத்து உருண்டு ஓடாமலிருக்கத் துணி. நான் கிட்டே வராமலிருக்க முறைப்பு.

கடல் முத்து உள்ளே விளக்கு வைத்ததுபோல மினுங்கும். ஆற்று முத்து அரிசி மாதிரியும் வரும், உருளைக்கிழங்கு மாதிரியும் வரும். கண்ணாடி முத்துதான் காப்பியடித்துப் பரீட்சை எழுதினவன் மாதிரி, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். அதைப் பிடிக்கச் சித்தியின் முன்பல் போதும். லேசாக உரசினால் நிஜ முத்து மணல்போல நறநறக்கும், கண்ணாடி வழுக்கும். பண்ணையில் வளர்த்ததா, தானாக விளைந்ததா என்பது மட்டும் பல்லுக்குத் தெரியாது.

பழைய மாலையை நூல் மாற்ற அறுக்குமுன், கொண்டுவந்தவர் எதிரிலேயே ஒவ்வொன்றாக உரசிப் பார்த்துவிடுவார். அறுத்த பிறகு ஒரு போலி கிளம்பினால், சித்திதான் மாற்றிவிட்டார் என்று பேச்சு வரும். நானும் உருண்டையான சட்டைப் பட்டன்களை முத்தோடு கலந்து வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பியதில்லை, என் தலையும் தப்பியதில்லை.

போன மாதம் சித்தி மாடிப்படியில் விழுந்ததில் அந்த முன்பல் இரண்டும் போயின. டாக்டர் புதுசு கட்டினார். நான் பட்டன் விளையாட்டை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பின் முதலில் வந்தவர், எனக்குக் கணக்கில் ஒற்றை இலக்கம் போட்ட டீச்சர். அவருடைய அம்மாவின் மாலையைப் புது நூலில் கோக்க வேண்டும். சித்தி ஒன்றை உரசினார். இன்னொன்றை. பத்தாவதில் முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இது எல்லாமே கண்ணாடி."

"என்னம்மா சொல்றீங்க? எங்கம்மா நாப்பது வருஷம் போட்டிருந்தது!"

"என் பல்லு ஒரு தடவைகூட ஏமாந்ததில்லைங்க."

வாசலிலிருந்து நான் மெல்லச் சொன்னேன். "சித்தி, இது டாக்டர் குடுத்த பல்லு."

டீச்சர்தான் முதலில் சிரித்தார். "அப்ப முத்த விட்டுட்டு உங்க பல்லைத்தான் சோதிக்கணும்!"

சித்தி சிரிக்கவில்லை. இருபது வருடத் தொழில் அந்த இரண்டு பல்லோடு போய்விட்டதோ என்று பயம். முத்தை வாயோரத்துக்குக் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, தன் சொந்தக் கோரைப்பல்லில் உரசினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். அறுபத்தொன்றையும் பார்த்து முடித்து, கொக்கிக்குப் பக்கத்தில் இருந்ததைத் தொட்டார்.

"மன்னிச்சுக்கோங்க. இது ஒண்ணுதான் கண்ணாடி."

டீச்சர் அதை விரலால் தடவிப் பார்த்தார். "சின்ன வயசுல நான்தான் இழுத்து அறுத்தேன். ஒண்ணு காணாமப் போச்சு. அம்மா வேற ஏதோ வாங்கிப் போட்டாங்க. மறந்தே போயிட்டேன்."

"மாத்திடட்டுமா?"

"வேணாம். அங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் காலை கருப்புத் துணியில் என் சட்டைப் பட்டன் ஒன்று கிடந்தது. சித்தி தலையைச் சாய்த்து உரசினார். அடுத்த நொடி அது என் நெற்றியில் வந்து விழுந்தது.

"எடுத்துத் தைச்சுப் போடுடா, குரங்கே!"

நெற்றி வலித்தது. நன்றாகவே இருந்தது.