பென் டிரைவில் கட்டிய மூட்டை

குளத்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றில் இருபது வருடம் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது. ஆனால் பின்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் என் சொல் கேட்கும். அதில் மட்டுமே ஓடும் ஒரு தமிழ் மென்பொருளில்தான் கடையின் பத்திரிகைகள் அத்தனையும் இருந்தன. அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் என் நாற்காலியை யாரும் அசைக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. புதியதில் அந்த மென்பொருள் ஏறவில்லை. செல்போனில் வீடியோக்கள் பார்த்து ஒரு வழி கற்றேன். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளும். பிறகு மென்பொருளை ஏற்ற வேண்டும். மறுபடி குறித்துக்கொள்ளும். கூடுதலாக வந்ததை மட்டும் திரட்டி ஒரே கோப்பாக மூட்டை கட்டிவிடும். அதன்பின் எந்தக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலிருந்தே ஓடும். தன் பழைய இடத்தில்தான் இருப்பதாக அந்த மென்பொருள் நம்பிக்கொண்டிருக்கும்.

மூட்டை கட்டும் முன் நான் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருடம் எனக்கென்று செய்து வைத்திருந்த மாதிரிகள், ஒரு விசையைத் தட்டினால் வரும் குலதெய்வ வரிகள், தாய்மாமன்கள் பெயரை எங்கே போடுவது என்பது வரை எல்லாவற்றையும் உள்ளே சேர்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

முதலாளி திறந்து பார்த்துச் சிரித்தார். "அஞ்சாப்பு படிச்ச ஆளு, மிசினையே சட்டப்பைக்குள்ள போட்டுட்டீங்களேய்யா!"

அடுத்த மாதம் அவர் மருமகள் வீட்டில் இருந்தபடியே பத்திரிகை செய்யத் தொடங்கினார். பெயரும் தேதியும் மாற்றினால் போதும். "சீசனுக்குக் கூப்புடுறேன், வீட்ல இருங்க" என்றார் முதலாளி. "சரிங்க" என்றேன். வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தெரியவில்லை.

சீசன் வந்து போனது. பிறகுதான் கூப்பிட்டார். மீமிசலில் அவர் மச்சான் கடைக்கும் அதேபோல் செய்து கொடுக்க வேண்டுமாம். மறுநாளே போனேன். அங்கே என் வயதுள்ள ஒரு பெண், நான் பார்த்த அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, இது வந்துட்டா என்னைய நிப்பாட்டிற மாட்டாகள்ல?"

"சேச்சே, அதெல்லாம் மாட்டாக."

"அப்பச் சரி. டீ ஆறுது, குடிங்க."

குடித்தேன். மிச்ச வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.