கன்னியம்மாவின் நெற்றி

கன்னியம்மா எண்ணூரிலிருந்து எங்கள் திருவொற்றியூர் குப்பத்துக்கு மருமகளாக வந்த வருஷம்தான் நானும் கல்யாணமாகி வந்தேன். இருபத்தாறு வருஷமாக ஒரே ஷேர் ஆட்டோவில் மீன் கூடையை வைத்துக்கொண்டு காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகிறோம். என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனபோது பதினாறு நாளும் என் வீட்டுக்குச் சோறு அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. அப்படிப்பட்டவள்.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பேரம் பேசிவிட்டு வாங்காமல் நிற்கிறவர்களைப் பார்த்து, "இன்னா சார், வஞ்சிரத்துக்கு விலை கேட்டுட்டு மத்தி மாதிரி முழிக்கிற?" என்பாள். கேட்டவரே சிரித்துவிட்டு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போவார்.

அவள் புருஷன் திருமுருகன் ஓர் ஐப்பசி மாதம் இரண்டு பேரோடு ஃபைபர் படகில் போனார். அன்று மாலையே காற்று திரும்பிவிட்டது. மூன்றாம் நாள் பழவேற்காடு பக்கம் படகு கவிழ்ந்து கிடந்தது. கூடப் போன இரண்டு பேரையும் கடல் கரையில் போட்டுவிட்டது. திருமுருகனைப் போடவில்லை.

அந்த இரண்டு வீட்டிலும் பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. திருமுருகனின் தம்பி தேசப்பன் வந்து அண்ணி காலடியில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அண்ணன் கரை ஏறாம அலைஞ்சுகினு கீறாரு. செய்ய வேண்டியத செஞ்சு அனுப்பிடலாம்."

"பொணத்தக் காட்டு, பொட்ட அழிக்கிறேன்" என்றாள் கன்னியம்மா.

எங்கள் குப்பத்தில் கருமாதி அன்றுதான் குங்குமத்தை அழிப்பார்கள். அழிக்கும்வரை அந்த ஆம்பிளையைச் செத்தவன் கணக்கில் யாரும் வைப்பதில்லை. அவள் தினமும் விடிந்ததும் வடிவுடையம்மன் கோயில் குங்குமத்தை எட்டணா அளவுக்கு வைத்துக்கொள்வாள். தேசப்பன் மாதம் ஒரு தரம் வந்து கேட்பான். அவள் மாதம் ஒரு தரம் அவனைத் திட்டி அனுப்புவாள். இரண்டு வருஷம் இப்படியே போனது. செத்தவருக்குச் செய்யாமல் விட்டாலும் பாவம், உயிரோடு இருக்கிறவருக்குச் செய்துவிட்டாலும் பாவம். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. அம்மனிடம் மட்டும் கேட்டேன்.

அப்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். கேமராமேன் பெயர் நோயல். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார். காலையில் கரையோரம் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் ஏறி நின்று, எண்ணூர் புகைபோக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காயப்போட்ட துணியெல்லாம் கரி படிகிற அந்தப் புகையை அவர் கையெடுத்துக் கும்பிடாததுதான் குறை.

"இந்தப் புகை வெளிச்சத்தை வடிகட்டுதும்மா. இல்லன்னா வெயில் சுள்ளுன்னு அடிக்கும். இங்க பாருங்க, பால் மாதிரி விழுது."

மீன் பிரித்துக்கொண்டிருந்த கன்னியம்மா தலையைத் தூக்கினாள். "உனுக்குப் பால் மாதிரி விழுது. எங்க புள்ளைங்களுக்கு இருமலா விழுது சார்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகத்தையே பார்த்தார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, படத்தில் நடிப்பாளா என்று கேட்டார். கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி கல்மேல் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். வசனம் கிடையாது. அவ்வளவுதான்.

"அறுத்தவ வேசமா? என் வூட்டாண்ட வந்து கேக்குறியா? போய் வேற ஆளப் பாரு" என்று அனுப்பிவிட்டாள். அவளுடைய கதை அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார்.

மறுநாள் ஆட்டோவில் வரும்போது என்னைக் கேட்டாள்:

"எக்கா, சினிமா எங்கெல்லாம் போவும்?"

"சிலோன், மலேசியா, துபாய், எல்லா ஊருக்கும் போவுது."

"ஜெயில்ல போட்டுக் காட்டுவாங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. வழி தப்பிப் போகிற படகுக்காரர்களை வேறு தேசத்தில் பிடித்து அடைப்பதைக் கேட்டிருக்கிறோம். அப்படி எங்கேயோ அவர் உட்கார்ந்திருப்பார், பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பார் என்று நினைக்கிறாள்.

"டிவி இருந்தா காட்டத்தான் செய்வாங்க" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் மனசு ஆறட்டும் என்று சொன்னேன்.

அன்றைக்கே ஒத்துக்கொண்டாள். ஒரே நிபந்தனை: குங்குமத்தை அழிக்க மாட்டாள். மேலே மறைத்துக்கொள்ளலாம்.

மேக்கப் போட வந்தவர் அப்துல் வஹாப். ராயபுரத்துக்காரர், நரைத்த தாடி. முதல் நாள் குங்குமத்துக்கு மேல் மெல்லிய பிளாஸ்திரி ஒட்டி, தோல் நிறத்தில் பூசினார். நோயல் கேமராவில் பார்த்துவிட்டு, "ஓரம் தெரியுது பாய்" என்றார். மறுபடி பூசுவதற்குள் சூரியன் மேலே ஏறிவிட்டது. வெளிச்சம் போய்விட்டது என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இருபது நிமிஷ வெளிச்சத்துக்காக அத்தனை பேரும் மறுநாள் விடியுமுன் வந்து நின்றார்கள்.

இரண்டாம் நாள் வஹாப் பாய் மீசை ஒட்டுகிற பசையைக் குங்குமத்தின் மேல் தடவி, காயவிட்டு, அதற்குமேல் ஒவ்வொரு பூச்சாகப் போட்டார்.

"உள்ள பத்திரமா கீது தங்கச்சி. பூட்டி வெச்சிருக்கேன்."

"சாவி உங்க கைல கீது பாய். எங்கனா உட்டுட்டு வந்துடாதீங்க."

நோயல் அவளிடம் நடிக்காதீங்க என்று மட்டும் சொன்னார். சூரியன் கடலை விட்டு எழுந்ததும் கேமரா ஓடியது. அவள் இடது கோடியிலிருந்து வலது கோடிவரை கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். படகு திரும்பும் நேரத்தில் எங்கள் பெண்கள் எல்லாரும் பார்க்கிற பார்வை அது. முடிந்ததும் நோயல் கொஞ்ச நேரம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை.

அவள் வீட்டுக்கு ஓடிப்போய் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, புதுக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் தண்ணீர் குடித்தாள்.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் மேட்னி ஷோவுக்கு நானும் அவளும் போனோம். முதலில் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். "இன்னும் வரலியே, வெட்டிட்டானுங்களா?" என்று நாலு தரம் கேட்டாள்.

பிறகு வந்தது. திரை முழுக்க அவள் முகம். நெற்றியில் இருந்த ஒவ்வொரு கோட்டிலும் வெளிச்சம் நூல் மாதிரி ஓடியது. பின்னால் எங்கள் புகை, தலைமேல் போட்ட மெல்லிய துணி மாதிரி அசைந்தது. கருங்கல்லும் குப்பையுமாகக் கிடக்கும் எங்கள் கரையா இது என்று இருந்தது. கோயிலில் திரை விலகும்போது கூட்டம் ஒரு நிமிஷம் அடங்குமே, அப்படி அடங்கியது தியேட்டர்.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா மூக்கைச் சிந்தினாள். "ஐயோ, புருஷன் பூட்டான் போலகீது. அந்த நெத்தியப் பாரேன்."

கன்னியம்மா என் கையைப் பிடித்தாள். விரல் வலித்தது.

"எக்கா, அவ அறுத்தவதான்."

"அது மேக்கப்புடி. உள்ள குங்குமம் இருந்திச்சு."

"நீ பாத்த. இவங்க யாரு பாத்தாங்க? அவுரு பாத்தா? பொண்டாட்டியே நம்மள செத்தவன்னு ஒத்துக்கினான்னு நினைப்பாரு. அப்பால எதுக்கு வருவாரு?"

படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்புறம் திரையைப் பார்க்கவே இல்லை. படகு கவிழ்ந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றுதான் சத்தம் வராமல் அழுதாள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சொன்னாள்: "வரமாட்டாரு எக்கா. அந்த மூஞ்சிக்குத் தெரிஞ்சிருக்கு. எனுக்குத்தான் தெரியல."

"கேமரா அப்படிக் காட்டுதுடி. அவங்க தொழில் அது."

"இல்ல. அவ்ளோ அழகா பொய் சொல்ல முடியாது."

முடியும் என்று எனக்குத் தோன்றியது. பஸ் வந்தது, ஏறினோம். இறங்கியதும் அவள் நேராகத் தேசப்பன் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று, "நாள் பாரு" என்றாள். அவன் அண்ணி சொன்னது விளங்காமல் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தான். விளங்கியதும் அவனும் உட்கார்ந்து அழுதான்.

அடுத்த வெள்ளி கழிந்து, குறித்த நாளில் கரையில் ஈர மண்ணில் உருவம் பிடித்து வைத்துக் கருமாதி நடந்தது. வெயில் கொளுத்தியது. லாரி சத்தத்தில் மந்திரம் சரியாகக் காதில் விழவில்லை. ஒரு பையன் படம் எடுக்கப் போனைத் தூக்கினான். "டேய் கசுமாலம், உள்ள வெய்யி" என்று தேசப்பன் அதட்டினான்.

குங்குமம் அழிப்பது எங்களைப் போல் அறுத்தவர்கள் வேலை. அறுத்தவளான அவள் நாத்தனார் ஈரத் துணியால் தேய்த்தாள். வருஷக்கணக்காக வைத்த இடம், தோலிலேயே சாயம் ஏறியிருந்தது. தேய்க்கத் தேய்க்க நெற்றி கன்றிப்போய் மஞ்சளும் சிவப்புமாக வழிந்தது. தியேட்டரில் அந்த நெற்றியை இமைக்காமல் பார்த்தவள் நான். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எக்கா" என்று கூப்பிட்டாள். "இன்னும் கீதா, பாரு."

பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் இருந்தது. இருக்கிறது என்றேன்.

கன்னியம்மா நாத்தனார் கையிலிருந்த துணியை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"நீ தேய். அவ தேச்சா போவாது."

தேய்த்தேன்.