"இருக்கட்டும்" என்ற ராமசுப்பு

கழுகுமலைக்குப் பாறைச் சிற்பம் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ராமசுப்புதான் வழிகாட்டி. கரிசலில் உளுந்தும் கம்பும் போட்டு அலுத்துப்போய், தலை நரைத்த பிறகு இந்த வேலைக்கு வந்தவர். கோவில்பட்டியிலிருந்து வேனில் ஆள் கூட்டிவரும் மாதவன் முதல் நாளே சொல்லிவிட்டான்: "சம்பளம்னு கிடையாது அண்ணாச்சி. எறங்கி வந்ததும் அவிய சந்தோசமா டிப்ஸ் குடுப்பாவ."

மேலே ஏறிவிட்டால் அவர் கதைக்குக் கடிவாளம் கிடையாது. ஒரு காலத்தில் இந்த மலைக் கழுகு இறக்கையை விரித்தால் கயத்தாறு வரைக்கும் நிழல் விழுமாம். அந்த வருஷம் வெயில் படாமல் பருத்தி வெடிக்கவே இல்லையாம். ஜனங்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள், பர்ஸைத் திறப்பார்கள், நோட்டை நீட்டுவார்கள்.

ராமசுப்பு, "இருக்கட்டும்" என்பார்.

அவர் ஊரில் அதற்கு, இன்னொரு தரம் சொல்லுங்க என்று அர்த்தம். கொடுக்கிறவர் வற்புறுத்த வேண்டும், வாங்குகிறவர் ஒதுங்க வேண்டும், கடைசியில் சட்டைப் பையில் திணிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் வாங்கினால் காசுக்கு அலைகிறவன் என்றாகிவிடும். சென்னைக்காரர்களுக்கு இது எங்கே தெரியும்? "ரொம்ப பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று கும்பிட்டுவிட்டு நோட்டை உள்ளே வைத்துவிடுவார்கள். அப்படித் திரும்பிப்போனதை எல்லாம் சேர்த்திருந்தால் ஊருக்கு இன்னொரு மலையே வாங்கிப் போட்டிருக்கலாம்.

அப்படியும் அடுப்பு எரிந்தது என்றால் பெத்தம்மாளால்தான். அடிவாரத்தில் மோர் விற்ற அவர் மனைவி, அந்தச் சொல் காதில் விழுந்ததும் சத்தம் கொடுப்பாள்: "ஏ தம்பி! அவிய அப்படித்தான் சொல்லுவாவ. நீங்க பையில சொருகுங்க!" கூட்டம் சிரிக்கும். நோட்டு பைக்குள் போகும்.

தை மாதம் அவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தும் எழுந்திருக்கவில்லை. அடிவாரத்தில் சத்தம் நின்றது. ராமசுப்பு வெறும் பையோடு வீடு வந்தார்.

"நீட்டுனாவளா?"

"நீட்டுனாவ."

"நீங்க திருவாய் மலர்ந்துட்டீங்களாக்கும்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இங்கன வந்து உக்காருங்க. இப்ப நான் மெட்ராஸ்காரி." படுத்தபடியே தைல டப்பாவின் மூடியை எடுத்து நீட்டினாள். "ரொம்ப தேங்க்ஸ் சார்."

"இருக்க..." என்று தொடங்கிவிட்டார்.

"வெளங்கும்! நான் போன பொறவு மெட்ராஸ்காரி வந்து கஞ்சி காய்ச்சி ஊத்துவான்னு நெனைப்போ? வாயத் தொறக்காம கைய நீட்டுங்க."

"கூச்சமா இருக்கு பெத்து."

"எங்கிட்ட இத்தன வருசமா தட்ட நீட்டுதீங்களே, அதுக்குக் கூசலையா?" சிரித்தவளுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் நெஞ்சைத் தடவிவிட்டார்.

கோடை முழுக்க அந்த மூடி அவள் கையிலிருந்து நீண்டது. அவர் வாயும் தவறாமல் திறந்தது. ஒருநாள் சாயங்காலம், ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார்.

"அம்புட்டுத்தான்" என்றாள் பெத்தம்மாள். நெஞ்சில் சளி கட்டி, ஆனி பிறக்கும் முன்னே போய்விட்டாள்.

பதினாறு கழிந்ததும் மாதவன் வேனைக் கொண்டுவந்தான். ராமசுப்பு அன்று கதை எதுவும் சொல்லவில்லை. இன்ன சிலை, இன்ன சுனை என்று காட்டிக்கொண்டே போனார். இறங்கியதும், பங்குனியில் ஏற்கெனவே வந்துபோன ஒரு சென்னை அம்மாள் நோட்டை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டி வாங்கினார்.

வேனில் ஏறும்போது அவள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "போன தடவை கொடுத்தப்போ தொடவே மாட்டேன்னார். இப்போ பாருங்க, உடனே கை நீளுது. இங்கேயும் எல்லாரும் கெட்டுப் போயிட்டாங்க."

மாதவன் முகம் சுருங்கியது. "அவ கெடக்கா, விடுங்க அண்ணாச்சி."

"சரியாத்தான வாங்குனேன்?" என்று கேட்டார் ராமசுப்பு.

மாதவனுக்கு எதுவும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டைத் திறந்து உள்ளே போனார். நோட்டு இன்னும் கையில் இருந்தது. அரிசிப் பானையைப் பார்த்தார், சாமி படத்துக்குப் பின்னால் தடவினார், அவள் சேலை மடிப்பைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் பணம் எங்கே வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது.