பங்களா நாய்க்கு வந்த பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் ஒரு கிரேட் டேன் நாய் இருந்தது. கன்றுக்குட்டி உயரம். அது யாரையும் கடித்து நான் பார்த்ததில்லை, பார்த்தவர்களையும் பார்த்ததில்லை. ஆனால் கதைக்கா பஞ்சம்? வட்டவளைப் பக்கம் ஒருவரின் தொடையைப் பிய்த்துவிட்டதாம். வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்துச் சனத்தின் வாடை பட்டாலே வெறி வருமாம். பங்களாவில் சமைக்கும் அப்பு இதையெல்லாம் மறுக்கவே மாட்டார். யாரும் வந்து தொல்லை கொடுக்காதது அவருக்கும் வசதிதான்.

எங்களைக் கண்டால் அது குரைத்தது உண்மை. எங்களுக்கு அது போதாதா!

ஐம்பதுகளில் ஓர் ஆடி மழையில் என் அண்ணிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தோட்டத்து லொறி வேண்டுமென்றால் துரை சொல்ல வேண்டும். அண்ணன் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். கேட் பூட்டியிருக்கவில்லை. உள்ளே நாய் நின்று குரைத்தது. மழை இரைச்சலில் இவர் கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் மலையைச் சுற்றி ஃபெக்டரிக்குப் போய், அங்கிருந்து சொல்லியனுப்பி லொறி வந்தது. அண்ணி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

"உள்ள போயிருந்தா என்னையும் கொதறியிருக்கும்" என்றார் அண்ணன். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நானும்தான்.

பிறகு துரை சீமைக்குப் போனார். நாயை அப்பு தலையில் கட்டினார். அப்பு அதை அப்படியே விட்டுவிட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். பசியோடு அது லயத்துக்கு வந்தபோது எல்லோரும் கதவைச் சாத்தினோம். அண்ணிதான் சோறு வைத்தாள்.

"பாவம், அது என்னா செய்யும்? அதுக்கும் வயிறு இருக்குல்ல."

அவள் கையிலேயே தின்று பழகியது. ஒரு நாள் மழையில் கொழுந்து எடுத்துவிட்டுக் கம்பளியோடு திரும்பிய அவளைப் பார்த்து, உடம்பெல்லாம் நடுங்கிக் குரைத்தது. அவள் கம்பளியை உருவிக் கீழே போட்டாள். முகம் தெரிந்ததுமே குரைப்பு நின்றது. வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலடியில் படுத்துக்கொண்டது. எங்கள் மலையில் மழையில்லாத நாள் ஏது? கம்பளி இல்லாமல் நாங்கள் ஏது? முகமே தெரியாத ஆட்களைக் கண்டு அந்தப் பாவப்பட்ட பிராணி இத்தனை வருஷமும் பயந்திருக்கிறது.

வாசலில் நின்ற அண்ணனிடம் அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "கம்பளியக் கழட்டியிருந்தா உங்கள உள்ள விட்டிருக்குங்க."

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் பக்கத்தில் போய் மோந்து பார்த்தது. அவர் விலகவில்லை. அண்ணியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் பயந்தார்.