ஐந்து நிமிடப் படத்தில் என் வசனம்

டத்தோ கிராமாட்டில் ஓர் உணவுக்கடையில் தேநீர் கலக்கும் வேலை எனக்கு. அதற்கு முன் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் மூன்று தொழிற்சாலைகள், இரண்டு லாரிகள். பள்ளிக்கூடம் இரண்டாம் படிவத்தோடு சரி. அப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு கல்லூரி மாணவி தன் குறும்படத்தில் நடிக்கக் கூப்பிட்டாள். போனுக்குச் சார்ஜ் ஏற்ற, பிளக் இருக்கும் மேசைக்குத் தினமும் வருபவள். தொழிற்சாலை பஸ்ஸைத் தவறவிட்டு எனக்கு வேலை போனதைக் கேட்டு, அதையே படமாக்கினாள்.

எனக்கு ஒரு நிமிட வசனம். ஆர்டர் சீட்டின் பின்னால் எழுதி மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். முதலாளியிடமும் ரொட்டி போடுபவரிடமும் சொல்லிக் காட்டினேன். படம் முடிந்ததும் கடை டிவியில் போடலாம் என்றார் முதலாளி.

கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் படத்தைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தவறினால் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். மதியத்தில் படம் ஆறரை நிமிடம் இருந்தது.

படம் எடுத்தது அவளுடைய போனில்தான், வெட்டுவதும் அதில்தான். திரையின் மூலையில் விரிசல், உள்ளே இடமில்லை. ஒரு காட்சியை வெட்டி முடித்ததும் அதைத் தனியாகச் சேமித்துவிட்டு, எடுத்த மூலத்தை அழித்துவிடுவாள். அழித்தால்தான் அடுத்ததற்கு இடம். பிறகு மனம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது.

“கூட்டாளிங்ககிட்ட லேப்டாப் இல்லையா?” என்று கேட்டேன்.

“அவங்களும் இன்னிக்குத்தான்ணே அனுப்பணும். யார் தருவா?”

எங்கே வெட்டுகிறாள் என்று பின்னால் நின்று பார்த்தேன். நான் கண் இமைக்கும் இடமாகப் பார்த்து வெட்டினாள். வெட்டியதே தெரியவில்லை.

முதலில் தண்ணீர்மலைக் காட்சியைத் திரையில் திறந்தாள். கடலுக்கு அப்பால் பிறையின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் வருவது. மூன்று விடியற்காலை மலைக்கோயில் படியேறி எடுத்தது. அரை நிமிடம். ஒருமுறை பார்த்தாள், அழித்தாள்.

“ஐயோ, அது அழகா இருந்துச்சே லா!”

“அழகாத்தான் இருந்துச்சு. கதைக்கு வேணாம்.” பிறகு என்னைப் பார்த்தாள். “அண்ணே, இன்னும் ஒரு நிமிஷம் குறைக்கணும். உங்க வசனம்.”

“அதுல கை வைக்காத” என்று சொல்லிவிட்டு, இரண்டு தே தாரே தேநீர் கலக்கப் போனேன். அவள் நினைத்திருந்தால் என்னைக் கேட்காமலே அழித்திருக்கலாம். திரும்பி வரும்வரை காத்திருந்தாள்.

“ஒரு தடவ பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க.”

‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்பே போன் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மழையில் நனைந்த பஸ் நிறுத்தப் பெஞ்சை உள்ளங்கையால் துடைக்கிறேன். கையைக் காற்சட்டையில் தேய்க்கிறேன். ரோட்டின் அந்தக் கோடியைப் பார்க்கிறேன். உட்காரவில்லை. அதற்குப் பிறகு வசனம் தொடங்கியதும் வேறு ஆள் வந்துவிட்டான். நிமிர்ந்து நின்று ஒப்பிக்கிறான்.

“அழி” என்றேன்.

“ஷுவரா அண்ணே?”

“மணியப் பாரும்மா.”

அழித்தாள். பெஞ்சைத் துடைப்பது மட்டும் மிஞ்சியது. முழுப்படத்தையும் ஒன்றாகச் சேர்க்கும்போது சூட்டில் போன் பாதியிலேயே நின்றுவிட்டது. திட்டவில்லை, பதறவில்லை. உறையைக் கழற்றி மேசை விசிறிக்கு முன்னால் பிடித்தாள். ஆறியதும் மறுபடி தொடங்கினாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் படம் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகுதான் தண்ணீர் கேட்டாள்.

முதலாளி சொன்னபடி டிவியில் போட்டார். படம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“எங்கடா டயலாக்? மூணு நாளா காதுல ரத்தம் வர வச்சியே!”

ரொட்டி போடுபவர் கல்லை விட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். “டயலாக் எதுக்கு லா? பஸ் போயிருச்சு. பாத்தாலே தெரியுது” என்று சொல்லிவிட்டுக் கல்லுக்குப் போனார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தேநீர் கலக்கப் போனேன்.