நசுங்காத எலுமிச்சம்பழம்

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழைய ஜீப்பை வாங்கி, புதுச்சேரிக்கும் அரியாங்குப்பத்துக்கும் வாடகைக்கு ஓட்ட நினைத்தேன். அதை நம்பித்தான், தன்னோடு பிரான்சுக்குக் கப்பலேறக் கூப்பிட்ட அண்ணனிடம் வரவில்லை என்றேன். ஆனால் உப்புக்காற்று ஜீப்பின் அடிச்சட்டத்தை அரித்திருந்தது. முதலியார்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் ஓர் ஓட்டையை அடைத்தால், பக்கத்து இரும்பு பொடியாக உதிர்ந்தது.

"இனிமே பத்தவைக்க இரும்பே இல்ல. உட்டுடுங்க," என்றார்.

"ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துடறேன் பாய்."

உடையும் என்று தெரிந்தும் அவரே போய் நாலு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். நான் கிளட்சை விட்டதும் சட்டம் நடுவில் முறிந்தது.

பாய் குனிந்து, நசுங்காமல் கிடந்த நாலு பழங்களையும் பொறுக்கினார். அண்ணனின் கப்பல் எப்போதோ போயிருந்தது. இன்றும் யாராவது புது வண்டிக்குப் பழம் வைத்தால், அது நசுங்கும்வரை எனக்கு மூச்சு வராது.